பதினெட்டுப் புள்ளி வாங்கிய வீடு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் கையில் ஒரு படிவத்தைத் தருவார்கள். தலைப்பு ‘பசுமைக் குடியிருப்பு’ என்றோ அதற்குச் சொந்தக்காரத் தலைப்பாகவோ இருக்கும். மூலையில் ஓர் இலைப் படம் நிச்சயம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, உண்டு, இல்லை என்று அடையாளம் போட்டு, மாலை பஸ்ஸில் கேகாலைக்குத் திரும்பினால் அன்றைய வேலை முடிந்தது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருபத்தெட்டு வருடம் நான் அதைத்தான் செய்தேன். சம்பளம் ஒழுங்காக வந்தது. இப்போது ஓய்வு பெற்று ரம்புக்கனையில் இருக்கிறேன். ரயில் சத்தத்தைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ‘ஊக்கமளிக்கும் விதமாக’ என்று சேர்த்தே கேட்டார்கள். ஊக்கம் எனக்கு அவ்வளவாகக் கைவராது. அதனால் நான் கெடுத்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். படிவத்தை எப்படி நிரப்புவது என்பதை உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். அது அரை மணி நேர வேலை.

என்னை இந்த வேலைக்குப் பழக்கியவர் ஒரு மூத்த உத்தியோகத்தர். பெயர் வேண்டாம். தங்கமான மனிதர், எந்தக் கூட்டத்திலும் வடையை எல்லோருக்கும் நீட்டிவிட்டுத்தான் தான் எடுப்பார். அவர் எனக்குத் தந்த அறிவுரை ஒன்றே ஒன்றுதான். “போர்ம்ல கேக்காதத எழுதாத தங்கச்சி. எழுதினா எவனாவது வாசிச்சிருவான். வாசிச்சா கேள்வி வரும்.” அந்த ஒரு வாக்கியத்தை மறக்க எனக்கு இருபத்தேழு வருடம் பிடித்தது.

நான் சொல்லப்போகும் குடியிருப்பு கேகாலைக்கும் ரம்புக்கனைக்கும் நடுவில், ஒரு ரப்பர் தோட்டத்தின் கைவிட்ட மலைச்சரிவில் இருக்கிறது. நாற்பத்திரண்டு தனி வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஏழு பேர்ச் நிலம், ஒரு வீடும் சின்னத் தோட்டமும் கொள்ளும் அளவு. எல்லோரும் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர்கள். ஒரே கூரையின் கீழ் பத்து ஒற்றை அறைக் காம்பிரா, பக்கத்துக் காம்பிராவில் மிளகாய் வறுத்தால் இந்தக் காம்பிராவில் தும்மல் என்று நான்கு தலைமுறை இருந்தவர்கள். தனி வீடு கிடைத்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? முதலில் வேலி போட்டார்கள். பிறகு சங்கம் வைத்தார்கள்.

குடியிருப்பாளர் சங்கத்துக்குத் தலைவராக முத்துசாமியைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைக் கணக்கப்புள்ள ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குத் தெரிந்த நிர்வாகம் ஒன்றுதான், துரை நடத்திய நிர்வாகம். அதனால் ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன்பள்ளி வாசலில் பெரட்டு. தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்களே, அதேதான். ஆறு நாள் அங்கே நின்றவர்கள் ஏழாம் நாள் இங்கே நின்றார்கள். இருவர் பொலித்தீன் பொறுக்க, நால்வர் புல் வெட்ட, ஆறு பேர் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க. பிந்தி வந்தவருக்கு அரைப் பேர் என்று கொப்பியில் குறித்தார். தோட்டத்தில் அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம் போச்சு. இங்கே சம்பளமே கிடையாது. ஆனாலும் அரைப் பேர் விழுந்தவர்கள் முகம் செத்துப் போய் வீட்டுக்குப் போனார்கள். சுதந்திரமான காற்றை முதல்முறை சுவாசித்தவர்கள் தங்களுக்குத் தாங்களே துரையை வைத்துக்கொண்ட அதிசயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தச் சமயம் எங்கள் அலுவலகத்தில் சுற்றாடல் காற்று வீசியது. மாவட்டத்தில் சிறந்த பசுமைக் குடியிருப்புக்குப் போட்டி என்றார்கள். எனக்கு ஒரு பொறுப்பு வந்தது, புள்ளிப் படிவம் தயாரிப்பது. கணக்கப்பிள்ளை ஐயாவிடம் கலந்து பேசினேன்.

“நம்ம ஆளுங்களுக்கு வாயால சொன்னா ஏறாதுங்க மிஸ்,” என்றார். “மார்க் போடணும். ஆமா இல்லன்னு டிக் அடிக்கிற மாதிரி கேள்வி வேணும். ‘எப்படி’ன்னு கேட்டா ஆளாளுக்குக் கதை சொல்லுவாங்க.”

எனக்கும் அது வசதியாக இருந்தது. கதை கேட்டால் மாலை பஸ் போய்விடும். இருபது கேள்வி, தலா ஐந்து புள்ளி. கம்போஸ்ட் தொட்டி உண்டா? மழைநீர்த் தாங்கி உண்டா? பூச்சட்டி உண்டா? வாசலில் பசுமைப் பலகை உண்டா? கடைசியில் வெளிக்கள உத்தியோகத்தரின் கையொப்பம் இல்லாத புள்ளி செல்லாது என்று ஒரு வரி. அந்த வரியை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஒரு லொறி நிறையப் பச்சைப் பிளாஸ்டிக் தொட்டி வந்து இறங்கியது. குப்பையை உரமாக்க வேண்டிய தொட்டி. பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும் என்ற துண்டுப் பிரசுரம் ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு பொலித்தீன் பையில் இருந்தது. ஒரு மாதத்தில் அந்தத் தொட்டிகளில் அரிசி இருந்தது, அடைக்கோழி இருந்தது, கல்யாண வீட்டுப் பாத்திரம் இருந்தது. குப்பை மட்டும் இருக்கவில்லை. அவ்வளவு நல்ல தொட்டியில் யார் குப்பையைப் போடுவார்கள்?

நான் பரிசோதனைக்குப் போன நாளில் ஏழாம் வீட்டில் முதல்தரமான கம்போஸ்ட் பார்த்தேன். கறுப்பாக, உதிரியாக, மண் வாசனையோடு. தொட்டியின் மூடிக்குப் பக்கத்தில் ஒரு வெடிப்பு. ஒன்பதாம் வீட்டிலும் அருமையான கம்போஸ்ட், அதே இடத்தில் வெடிப்பு. பன்னிரண்டாம் வீட்டில் என்னை உட்காரவைத்து இரண்டாவது முறையும் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். பின்பக்கம் யாரோ மூச்சு வாங்க எதையோ இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாங்க மிஸ், பாருங்க என்றார்கள். பார்த்தேன். வெடிப்பும் நானும் பழைய சிநேகிதர்கள் ஆகிவிட்டோம். எல்லா வீட்டுக்கும் ஐந்து புள்ளி போட்டேன். கேள்வி ‘தொட்டி உண்டா’ என்பதுதான், ‘யாருடைய தொட்டி’ என்பதல்ல.

அந்த ஒரு தொட்டியை நிரப்பிய கம்போஸ்ட் எங்கிருந்து வந்தது என்பது கடைசி வீட்டுக்குப் போனபோது தெரிந்தது.

கடைசி வீடு புஷ்பராணியுடையது. மேல் வரிசையின் ஓரத்தில், ஓடைக்குப் பக்கத்தில். நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு பசுமாடு. இப்போது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார், அதற்கு முன் தோட்டத்தின் கான் வெட்டும் கூட்டத்தில் இருந்தவர். மலையில் விழும் மழைத் தண்ணீரைக் குறுக்காக வாங்கி ஓடையில் விடும் மண் வாய்க்காலைத்தான் இங்கே கான் என்பார்கள். குடியிருப்புக்கு மேலே, ரப்பர் மலைக்குக் கீழே, நாற்பத்திரண்டு வீட்டின் தலைக்கு மேல் அப்படி ஒரு பழைய கான் ஓடுகிறது. யாரும் கேட்காமலே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதில் இறங்கி இலையையும் மண்ணையும் அள்ளிவிடுவது புஷ்பராணியின் பழக்கம். பழைய வேலை கையை விட்டுப் போகவில்லை என்று சிரிப்பார்.

“கம்போஸ்ட் தொட்டி இருக்கா?” என்று கேட்டேன்.

“குழி இருக்குங்க மிஸ். சாணிக் குழி. அங்கயிருந்துதான் காலையில வந்து வாளி வாளியா அள்ளிக்கிட்டுப் போனாங்க.”

“தொட்டி?”

“அதுல மாட்டுக்குக் கழனி ஊத்தி வச்சிருக்கேன்.”

சுழியம்.

“மழைநீர்த் தாங்கி?”

“பீப்பா வச்சிருக்கேன். கூரைத் தண்ணி அம்புட்டும் அதுலதான் விழுது.”

படிவத்தில் தாங்கி என்றிருந்தது. பீப்பா என்று இல்லை. சுழியம்.

“பூச்சட்டி?”

“கத்தரி இருக்கு, மொளகா இருக்கு, வல்லாரை இருக்கு.”

“பூச்சட்டி இருக்கா?”

“கத்தரியிலயும் பூ பூக்குமுங்களே.”

மாட்டுத் தொழுவம் இருந்ததால் ‘துர்நாற்றம்’ என்ற இடத்தில் இரண்டு புள்ளி கழிந்தது. கூட்டிப் பார்த்தேன். பதினெட்டு.

“எத்தனைங்க மிஸ்?”

“பதினெட்டு.”

“எத்தனைக்கு?”

“நூறுக்கு.”

“எங்க சின்னவ சிங்களப் பாடத்துலகூட இத விட எடுப்பா,” என்று வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் அலுவலகத் துண்டுப் பிரசுரத்தின் அட்டையில் இருந்த வீட்டுத் தோட்டப் படமே போன வருடம் நான் அவர் வீட்டில் எடுத்ததுதான். சிரித்துக்கொண்டே கீழே கையெழுத்துப் போட்டேன். இதை வாசிக்கும்போது நீங்கள் என்னைத் திட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இதுவரை விளையாட்டு. அடுத்த ஞாயிறு விளையாட்டு முடிந்தது.

காணி உறுதி, அதாவது நிலத்துக்குச் சொந்தப் பத்திரம், கொடுக்கப் போகிறார்கள், சங்கம் சிபாரிசுக் கடிதம் கொடுக்கும் குடும்பங்களின் பெயர்கள்தான் பட்டியலில் போகும் என்று மேலிருந்து தகவல் வந்திருந்தது. உறுதி என்றால் என்ன என்று தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான்கு தலைமுறை இருந்த காம்பிரா தோட்டத்துடையது. சமைத்த அடுப்பு இருந்த தரையும் தோட்டத்துடையது. புஷ்பராணியின் பெயரில் இதுவரை கிடைத்த ஒரே கடதாசி அடையாள அட்டைதான். லயத்தில் அவர் இருந்த காம்பிரா அண்ணன் பெயரில் இருந்தது. அண்ணன் பெண்டாட்டி கோபித்த நாளெல்லாம் பிள்ளைகளோடு வெளி வாசலில் உட்கார்ந்திருந்தவர். ஏழு பேர்ச் நிலத்தைத் தன் பெயரில் எழுதிய ஒரு கடதாசிக்காக அவர் எவ்வளவு காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

பெரட்டில் கணக்கப்பிள்ளை ஐயா அறிவித்தார். “மார்க் அம்பதுக்குக் கீழ எடுத்தவங்களுக்கு லெட்டர் இல்ல. போட்டி முடியிறதுக்குள்ள மார்க்க ஏத்திக்கோங்க. எனக்குச் சொந்தக்காரன் பந்தக்காரன் கெடையாது, ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

நான் அவருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, இந்தப் புள்ளி அதற்காகப் போட்டதல்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோரும் தொட்டியில் இருந்த அரிசியை வெளியே எடுப்பார்கள், நம் திட்டம் ஒருவழியாக நடக்கும் என்று நினைத்தேன். பயம் நல்ல உரம் என்று நம்பினேன். ஐம்பதுக்குக் கீழே இருந்த வீடு ஒன்றே ஒன்றுதான் என்பதும் எனக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு புஷ்பராணி வந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

“மிஸ், மாட்ட வித்துட்டா எத்தனை ஏறும்?”

“ரெண்டு.”

“ரெண்டா?” என்றார். முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

மாட்டை அவர் விற்கவில்லை. பூச்சட்டிகளும் பலகையும் வைத்தார், தொட்டியைக் கழுவிக் குப்பை போட்டார், பீப்பாவில் ஒரு குழாய் பொருத்தித் தாங்கி ஆக்கினார், படிவம் கேட்ட இன்னும் இரண்டையும் செய்தார். புதுக் குப்பையின் நாற்றத்துக்கு இன்னும் இரண்டு கழிந்து நாற்பத்தாறு வரை வந்தது. இன்னும் ஒரு கேள்விக்குப் புள்ளி கிடைத்தால் போதும். அந்த ஒரு கேள்வி ‘பொது அழகுபடுத்தும் சிரமதானத்தில் பங்குபற்றினாரா’ என்பது. அங்கேதான் வினை வந்தது.

நடுவர்கள் வரும் பாதையிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று, மேல் வரிசைக்குப் பின்னால், கணக்கப்பிள்ளை ஐயாவின் பதினோராம் வீட்டுக்கு நேர் மேலே ஒரு பசுமை மேடை போடத் தீர்மானித்தார்கள். புல் பதித்து, செவ்வந்தி நட்டு, வெள்ளையடித்த கற்களால் குடியிருப்பின் பெயரை எழுதுவது. மட்டமான இடம் வேண்டும். சரிவில் மட்டமான இடம் கிடையாது. கானை மண் போட்டு மூடினால் கிடைக்கும்.

நாற்பது பேர் மண்வெட்டியோடு வந்தபோது புஷ்பராணி கானுக்குள் இறங்கி நின்றுகொண்டார்.

“இத மூடாதீங்கய்யா. ஐப்பசி மழை தலைக்கு மேல நிக்கிது. மலைத் தண்ணி எங்க போகும்?”

“நடுவர் போன மறுநாளே தொறந்திரலாம்,” என்றார் கணக்கப்பிள்ளை ஐயா. “கொசு வேற. நீ வெளிய வா.”

“நான் பதினாலு வருசம் கான் வெட்டினவ. நீங்க கொப்பியிலதானே வெட்டுனீங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. கணக்கப்பிள்ளை ஐயா என்னைப் பார்த்தார். “மிஸ் என்னா சொல்றீங்க?”

நான் வானத்தைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. தற்காலிகமாகத்தானே என்றேன். புஷ்பராணி மேலே ஏறி வந்து, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பங்குபற்றவில்லை என்று எழுதினார்கள்.

நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒரு சிங்கள அம்மாதான் பெரியவர். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்ப்பவர், அதிகம் பேசாதவர். முன்பள்ளிப் பிள்ளைகள் இலை வேடம் போட்டு ஆடினார்கள். கணக்கப்பிள்ளை ஐயா தமிழில் பாதி, சிங்களத்தில் பாதியாக மரங்கள் நம் சகோதரர்கள் என்று பேசினார். மேடை கீழிருந்து பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது. இரண்டு மணிக்குச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தோம். இரண்டேகாலுக்கு மழை பிடித்தது.

இந்த மாவட்டத்தில் மழையைப் பற்றி யாரும் பாட்டுப் பாடுவதில்லை. மழை அரை மணி நேரம் விடாமல் கொட்டினால் பேச்சு நின்றுவிடும், மண் சரியும் சத்தம் கேட்கிறதா என்று எல்லோருடைய காதும் மலைப்பக்கம் போய்விடும். அன்றும் அப்படித்தான். முன்பள்ளி விறாந்தையில் இருந்த எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம், ஆனால் பார்க்காத மாதிரி சாப்பிட்டோம். ரப்பர் மலையிலிருந்து சிவந்த தண்ணீர் இறங்கி, மூடிய கானின் மேல்பக்கத்தில் குளம் கட்டத் தொடங்கியது. குளத்துக்குக் கீழே பதினோராம் வீட்டின் குசினிச் சுவர். அந்த வீட்டுக்குள் கணக்கப்பிள்ளை ஐயாவின் மருமகளும் மூன்று மாதக் குழந்தையும் இருந்தார்கள்.

புஷ்பராணி மழையில் ஓடி வந்தார். கையில் மண்வெட்டி. நேராக என்னிடம் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

“மிஸ், தண்ணி ஏறுது. மேடைய வெட்டி விடவா?”

நான் கணக்கப்பிள்ளை ஐயாவைப் பார்த்தேன். அவர் நடுவர்களைப் பார்த்தார். “இன்னும் பத்து நிமிசத்துல அவங்க போயிருவாங்க மிஸ்,” என்று முணுமுணுத்தார். “போட்டோ கூட எடுத்து முடியல்ல.”

பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். குழந்தை ஓடவில்லை. மண்சரிவு ஓடவில்லை. மேடையை வெட்ட நான் சொன்னால், மூடச் சம்மதித்ததும் நான்தான் என்று நடுவர் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் ஓடியது.

“கொஞ்சம் பொறுங்க,” என்றேன்.

புஷ்பராணி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு திரும்பி ஓடினார். போகிற வழியில் பதினோராம் வீட்டு வாசலில் நின்று, புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய வா என்று கத்துவது கேட்டது. மேலே ஏறி, மேடையின் நடுவில், வெள்ளைக் கற்களுக்கு இடையில் மண்வெட்டியை இறக்கினார். பத்து வெட்டு இருக்கும். அதற்குள் குசினிச் சுவரின் ஒரு மூலை உள்ளே சரிந்துவிட்டது. பதினோராவது வெட்டில் தண்ணீர் வழி கண்டது. புல்லும் செவ்வந்தியும் மண்ணுமாகச் சுழித்து, பழைய கானில் விழுந்து, ஓடைப்பக்கம் திரும்பியது. வெள்ளைக் கற்களில் சில படிக்கட்டில் உருண்டு நடுவர்களின் வாகனத்துக்கு முன்னால் வந்து நின்றன. குடியிருப்பின் பெயரில் பாதி அவர்களைத் தேடி வந்துவிட்டது.

குழந்தை முன்வாசலில், தாயின் தோளில், சத்தமாக அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் கையிலிருந்த சாப்பாட்டுப் பார்சலைக் கீழே வைத்தேன்.

மழை விட்டதும் நடுவர் அம்மா குடையோடு மேலே ஏறிப் போய்ப் பார்த்தார். “மே காணுவ கவுத வெஹுவே?” என்றார். இந்தக் கானை மூடியது யார் என்ற கேள்வி.

“அபி ஒக்கோம எகத்து வெலா, மெடம்,” என்றார் கணக்கப்பிள்ளை ஐயா. நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் என்றார். பழக்க தோஷத்தில் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டார்.

எங்களுக்குப் பங்குபற்றியதற்கான சான்றிதழ் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். முதலாவது விடயம், புஷ்பராணிக்குப் பொன்னாடை. கணக்கப்பிள்ளை ஐயா போர்த்தும்போது அழுதுவிட்டார். பேரப்பிள்ளையைக் காப்பாற்றிய தெய்வம் என்றார். நடிப்பு இல்லை, கண்ணீர் உண்மையானது. எல்லோரும் கை தட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது விடயத்தை வாசித்தார். அனுமதியில்லாமல் பொதுச் சொத்தாகிய பசுமை மேடையைச் சேதப்படுத்தியது. பத்துப் புள்ளி குறைப்பு. நாற்பத்தொரு குடும்பத்துக்குச் சிபாரிசுக் கடிதம் தயார், ஒரு குடும்பத்துக்கு இல்லை.

“ஐயா, இப்பத்தானே பொன்னாடை போட்டீங்க,” என்று யாரோ கேட்டார்கள்.

“நன்றி வேற, ரூல் வேற,” என்றார். “ரூல மிஸ்தான் போட்டாங்க. மிஸ் கையெழுத்து இருக்கு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புஷ்பராணி மட்டும் பார்க்கவில்லை. மடித்த பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

நான் எழுந்து, படிவக் கட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மேசையில் வைத்து, சிவப்புப் பேனையால் முதல் படிவத்தில் என் கையொப்பத்தைக் குறுக்கே வெட்டினேன். பக்கத்தில் ‘தவறான மதிப்பீடு’ என்று எழுதி நாள் போட்டேன். பிறகு இரண்டாவது படிவம். ஒவ்வொன்றாக. இருபதாவது படிவத்தில்தான் கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு விளங்கியது.

“மிஸ், கையெழுத்து இல்லாட்டி மார்க் செல்லாதுன்னு இருக்கே.”

“ஆமாங்க.”

“அப்ப ஒருத்தருக்கும் மார்க் இல்லியே!”

“இல்லீங்க.”

“அப்ப லெட்டர் எப்படிக் குடுக்கிறது?”

“அம்பதுக்குக் கீழ எடுத்தவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னுதானே ரூல்? மார்க்கே இல்லாதவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?”

அவர் கொப்பியை எடுத்து, விரலால் வரி வரியாகத் தடவிப் பார்த்தார். இல்லை. முப்பத்தைந்து வருடம் எழுத்துப்படி வாழ்ந்த மனிதர், எழுத்தில் இல்லாததை அவரால் மறுக்க முடியாது. முகத்தில் ஒரு மரியாதைகூட வந்தது. “நாப்பத்திரெண்டு லெட்டர்,” என்றார். அன்று மாலையே எழுதிக் கையெழுத்திட்டார்.

பட்டியல் நாற்பத்திரண்டு பெயரோடு போயிற்று. உறுதி வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அலுவலகத்திலிருந்து விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. மதிப்பீட்டை ஒரே நாளில் ரத்துச் செய்ததால் மாவட்ட அறிக்கையில் ஒரு பக்கம் வெறுமையாகிவிட்டதாம். சேவையின் கடைசிப் பத்து மாதத்தைத் துண்டுப் பிரசுரம் அடுக்கும் அறையில் கழித்தேன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. உள்ளதைச் சொன்னால், அந்தச் சிவப்புப் பேனை விடயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்திருந்தது. ஊரில் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஓய்வு பெறுவதற்கு முன்னால் விடைபெற்று வரப் போனபோது புஷ்பராணியும் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

அவர் கானுக்குள் நின்று இலை அள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கரைக்கு வந்து கையைச் சேலையில் துடைத்தார். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். மாடு கன்று போட்டிருப்பதைச் சொன்னார். போகும் நேரத்தில் நானே வாயைக் கொடுத்தேன்.

“பேரு பட்டியல்ல போயிருச்சில்ல. இப்ப சந்தோசந்தானே?”

“சந்தோசந்தாங்க மிஸ்,” என்றார். கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்க.”

“அன்னைக்கி மழையில ஒங்ககிட்ட ஓடி வந்து வெட்டவான்னு கேட்டேனே. வெட்டணுமா வேணாமான்னு எனக்குத் தெரியாமயா கேட்டேன்? நான் தனியா வெட்டுனா என் பேர அடிச்சிருவாங்கன்னு தெரியும். மிஸ் சொல்லி வெட்டுனதா இருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான். அதுக்குத்தான் அம்புட்டுத் தூரம் ஓடி வந்தேன்.”

நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

“வெட்டுன்னு ஒரு சொல்லு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, அந்த நாப்பத்திரெண்டு கையெழுத்தையும் வெட்டியிருக்க வேணாமுங்களே மிஸ்,” என்றார். பிறகு கானுக்குள் இறங்கி வேலையைப் பார்த்தார்.